சாட்சி எதையும் மாற்றுவதில்லை

சத்சங்கம் முடிந்து ஆரத்திக்கு மணி அடிக்கும் வரை கிடைக்கும் சிறிய இடைவேளையில் அன்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. டில்லியிலும் கேட்கிறார்கள், மும்பையிலும் கேட்கிறார்கள். பெங்களூரில் சற்று அதிகமாகவே கேட்கிறார்கள். "சுவாமிஜி, பார்ப்பவன் இல்லாமல் உலகம் இல்லை என்று குவாண்டம் இயற்பியல் கண்டுபிடித்துவிட்டதாமே? நம் ரிஷிகள் சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று சொல்லலாம் அல்லவா?"

கேட்பவரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பொறியியல் படித்த மகனிடம் இனித் தலைநிமிர்ந்து பேசலாம், பூஜையறைக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் இடையே இருந்த வழக்கு தீர்ந்துவிட்டது என்ற நிம்மதி அது. அதைக் குலைக்க யாருக்கும் மனம் வராது. ஒரு காலத்தில் நானே அந்த நிம்மதிக்கு உரமிட்டவன். அதனால் ஒரு வீட்டில் நேர்ந்த துயரத்தை அறிந்த பிறகு, இக்கேள்விக்கு 'ஆம்' என்று விடையளிக்க என் நா எழுவதில்லை. ஏன் என்பதை இன்று சற்று விரிவாகச் சிந்திப்போம்.

ஒரு சொல்லால் நேர்ந்த பிழை

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், புதிய இயற்பியலைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்யும் பணி எனக்கு அளிக்கப்பட்டது. அதில் 'அப்சர்வர்' என்ற சொல் பக்கந்தோறும் வந்தது. 'நோக்குபவர்', 'அளவிடுபவர்' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், வறட்சியாகத் தோன்றின. தத்துவம் பயின்றவன் என்ற முறையில் என் கைவசம் ஓர் அழகிய சொல் இருந்தது: சாட்சி. அதையே இட்டேன். "சாட்சியின் பார்வை பட்டதும் பொருளின் நிலை மாறுகிறது" என்று ஒரு வாக்கியம் அமைந்தது. மூல ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னதை ஒரே சொல்லால் உபநிடத உண்மையாக உயர்த்திவிட்டேன் என்று உள்ளூர மகிழ்ந்தேன். கட்டுரையைப் பலரும் பாராட்டினார்கள்.

மூன்று மாதங்கள் கழித்து நாக்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அங்கே குடியேறிய தமிழர், கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், நெடுநாள் வாசகர். கடிதத்தில் கோபம் இல்லை. எண்ணிட்ட மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன.

ஒன்று: இரவில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டிற்குச் சென்றுவிடுகிறார்கள், கருவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, காலையில் பார்த்தால் அதே முடிவுதான் பதிவாகியிருக்கிறது. இரவில் அங்கிருந்த சாட்சி யார்?

இரண்டு: தங்கள் கட்டுரையில் வரும் சாட்சி, தான் பார்ப்பதை மாற்றுகிறது. வேதாந்தம் கூறும் சாட்சி, தான் காண்பதை மாற்றுமா?

மூன்று: இயற்பியல் கொள்கைகள் மாறும் இயல்புடையவை. நாளை இது மாறினால், வேதாந்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா?

இவற்றின் கீழே, வேறு மையில், சில வரிகள் இருந்தன. அவருடைய மனைவி புற்றுநோயால் எட்டு மாதங்கள் படுக்கையில் இருந்தவர். என் கட்டுரையில் அந்த வாக்கியத்தைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, தலையணையின் அடியில் வைத்திருந்தாராம். பார்வையால் பொருளின் நிலை மாறும் என்றால் தம் பார்வையால் தம் உடலின் நிலையும் மாறும் என்று நம்பி, நாள்தோறும் முயன்றிருக்கிறார். மாறவில்லை. 'நான் சரியாகப் பார்க்கவில்லை. என் மனத்தில்தான் குறை' என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினாராம்.

அக்கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல இயலாது. மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வதே அந்த அம்மையாருக்கு நான் செலுத்த வேண்டிய கடன் என்று தோன்றியது.

சோதனைக்கூடத்தில் நடப்பது என்ன?

முதலில் குவாண்டம் இயற்பியல் உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறைத்துச் சொல்லவும் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம். உள்ளதே போதிய அளவு வியப்பானது.

1900-ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க், ஆற்றல் தொடர்ச்சியாகப் பாயும் ஒழுக்காக அல்லாமல் சிறு சிறு பொட்டலங்களாகக் கொடுக்கல் வாங்கல் செய்யப்படுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அங்கிருந்து தொடங்கிய பயணத்தில் நம் நாட்டிற்கும் சிறப்பான பங்குண்டு. 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், தம் ஆய்வுக் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எனக்கு இந்த நிகழ்ச்சி மிகவும் பிரியமானது.

போஸ் கண்டது என்ன? இரண்டு நாணயங்களைச் சுண்டினால் நான்கு விதமாக விழலாம்: இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை இரண்டாவது பூ, முதலாவது பூ இரண்டாவது தலை. நாணயங்களை 'இது', 'அது' என்று வேறுபடுத்த முடிவதால்தான் கடைசி இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறோம். ஒளித்துகள்களை அவ்வாறு எண்ணலாகாது. அங்கே 'இது', 'அது' என்ற வேறுபாடே கிடையாது. நான்கிற்குப் பதில் மூன்று என்றே எண்ண வேண்டும். இதுவே போஸின் கணக்கிற்குள் இருக்கும் கருத்து. பெயரும் தனி அடையாளமும் ஒட்டாத ஒரு தளம் பொருளின் அடியில் இருப்பதை ஒரு கணக்கு காட்டிக்கொடுத்தது.

அடுத்து, புகழ்பெற்ற இருவழிச் சோதனை. 1989-இல் ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவன ஆய்வுக்கூடத்தில் அகிரா தொனோமுராவும் அவரது குழுவினரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக, இரண்டு வழிகளில் செல்ல இடமுள்ள ஓர் அமைப்பின் ஊடே அனுப்பினார்கள். ஒவ்வோர் எலக்ட்ரானும் திரையில் ஒரே ஒரு புள்ளியாக விழுந்தது. முதலில் புள்ளிகள் சிதறிய கடுகுபோல் இருந்தன. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபோது, கோலப்புள்ளிகள் கூடிக் கோடாவதுபோல, இருளும் ஒளியுமான பட்டைகள் மெல்ல எழுந்தன. அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது தோன்றும் பட்டைகள் அவை. ஒன்றன்பின் ஒன்றாகத் தனியே வந்தது எதனோடு கலந்தது? இதுதான் புதிர்.

எலக்ட்ரான் எவ்வழியாகச் சென்றது என்று கண்டறிய ஒரு கருவியை வைத்தால் அந்தப் பட்டைகள் மறைந்துவிடுகின்றன. 'பார்த்ததும் மாறிவிட்டது' என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் மாற்றியது எது? வியன்னாவில் ஆன்டன் சைலிங்கரின் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குத் தெளிவான விடை தருகிறது. எழுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த பெரிய மூலக்கூறுகளை அவர்கள் இதுபோன்றே பல வழிகள் உள்ள அமைப்பில் செலுத்தினார்கள், பட்டைகள் தோன்றின. பின்பு அம்மூலக்கூறுகளை லேசர் ஒளியால் மிகவும் சூடாக்கினார்கள். சூடேறிய பொருள் தானே ஒளியைக் கக்கும் அல்லவா? அவ்வாறு வெளியேறிய ஒளி, மூலக்கூறு சென்ற வழியைப் பற்றிய தடயத்தைச் சுமந்து சென்றது. சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் பார்க்கவில்லை, யாரும் தியானிக்கவில்லை, யாரும் எதையும் விரும்பவில்லை. தடயம் வெளியே சென்றதே போதுமானதாக இருந்தது.

ஆகவே பெரியவரின் முதல் கேள்விக்கு விடை இதுதான். இரவில் பூட்டிய அறையில் 'அப்சர்வர்' ஆக இருந்தது கருவி. அல்லது ஒரு துளி ஒளி. அல்லது மோதிச் சென்ற காற்று மூலக்கூறு. இயற்பியலார் அச்சொல்லால் குறிப்பது பெரும்பாலும் இந்தத் தொடர்பையே. மனித உணர்வே மாற்றத்தை நிகழ்த்துகிறது என்ற கருத்தை விஞ்ஞானிகளுள் சிலர் எடுத்துரைத்ததும் உண்மை. 1961-இல் யூஜீன் விக்னர் அவ்வாறு வாதிட்டார். பிற்காலத்தில் அவரே அக்கருத்திலிருந்து விலகினார்.

நிலவு அங்கே இருக்கிறதா?

அப்படியானால் இந்த விஞ்ஞானம் உண்மையின் இயல்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது. நாம் பார்க்காதபோது நிலவு அங்கே இல்லை என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா என்று ஐன்ஸ்டீன் ஒருமுறை நண்பர் ஒருவரிடம் கேட்டார். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய பண்புகளைத் தன்னுள்ளேயே முழுமையாகத் தாங்கி நிற்க வேண்டும் என்பது அவரது உறுதி. 1935-இல் போடோல்ஸ்கி, ரோசன் என்ற இருவருடன் சேர்ந்து, குவாண்டம் கொள்கை முழுமையற்றது என்று அவர் வாதிட்டார்.

1964-இல் ஜான் பெல் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கணக்காக மாற்றினார். 1972-இல் அமெரிக்காவில் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982-இல் பிரான்சில் அலைன் ஆஸ்பெக்டும், பின்னர் சைலிங்கரும் பிறரும் செய்த சோதனைகள் ஒரே திசையைக் காட்டின. கிளாசர், ஆஸ்பெக்ட், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பொருள்கள் தம் பண்புகளை முன்கூட்டியே தம்முள் கொண்டிருக்கின்றன. ஓரிடத்தில் செய்வது தொலைவில் உள்ளதை ஒளியைவிட விரைவாகப் பாதிப்பதில்லை: இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள இயலாது என்பதே இவற்றின் சாரம். எதை விடுவது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. போர் ஒரு விளக்கம் தந்தார். 1952-இல் டேவிட் போம் வேறொன்று தந்தார். 1957-இல் எவரெட் முற்றிலும் மாறுபட்ட ஒன்றைத் தந்தார்.

இங்கே வேதாந்த மாணவன் மகிழ்வதற்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. 'நான் காணும் உலகம் காண்கின்ற இந்தப்படியே, ஒவ்வொரு பொருளும் தன்னளவில் முழுமையாக, அங்கே நிற்கிறது' என்ற நம் பாமர உறுதி ஆட்டம் கண்டிருக்கிறது. சொந்த வலுவில் நிற்காமல் வேறொன்றைச் சார்ந்து நிற்பதற்கு 'மித்யை' என்று பெயர். குடம் மண்ணைச் சார்ந்து நிற்கிறது; அலை நீரைச் சார்ந்து நிற்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அணுவிற்குள் பெரும்பகுதி வெற்றிடம், ஆகவே உலகம் மாயை என்று சில மேடைகளில் சொல்லப்படுகிறது. மித்யை என்றால் 'வெறுமை' என்று பொருள் அல்ல. குடம் மித்யை என்று அறிந்தவனும் அதில்தான் தண்ணீர் மொள்கிறான். கல்லில் இடறினால் வேதாந்திக்கும் காலில் இரத்தம் வரும். சங்கரர் வழியில் வந்த ஆசாரியர்கள் வியாவகாரிகம், பாரமார்த்திகம் என்று தளங்களைப் பிரித்துப் பேசியது இதனால்தான். எலக்ட்ரானும், திரையில் எழும் பட்டையும், அதைக் கணிக்கும் சமன்பாடும் எத்துணை நுட்பமானவையாயினும் வியாவகாரிகத் தளத்தைச் சேர்ந்தவையே. நுட்பமானது எல்லாம் ஆன்மா ஆகிவிடாது.

பார்ப்பவனும் பார்க்கப்படுவதும்

இனி இரண்டாவது கேள்வி. வேதாந்தம் கூறும் சாட்சி தான் காண்பதை மாற்றுமா?

இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கிறீர்கள். எழுத்துகள் காணப்படுகின்றன, கண் காண்கிறது. சற்று நேரம் படித்ததும் எழுத்து மங்குகிறது. மங்கியது காகிதம் அல்ல, கண்தான் சோர்ந்தது என்று உங்களுக்குத் தெரிகிறது. அப்படியானால் கண்ணின் சோர்வும் காணப்படும் பொருளாகிவிட்டது. அதைக் காண்பது மனம். இன்னும் சிறிது நேரத்தில் மனம் வேறெங்கோ அலைகிறது. அடுப்பில் வைத்த பால், மகளின் திருமணம், நேற்று யாரோ சொன்ன சொல். 'என் மனம் இங்கே இல்லை' என்று உடனே தெரிகிறது. மனத்தின் அலைச்சல் எதற்குத் தெரிந்தது? அதுவே சாட்சி. திருக்-திருசிய விவேகம் என்று நம் பெரியோர் பெயரிட்ட ஆராய்ச்சி இதுதான்: காண்பதையும் காணப்படுவதையும் பிரித்தறிதல்.

இந்தப் படிக்கட்டில் ஆய்வுக்கூடத்துக் கருவி எங்கே நிற்கிறது? முதற்படியில், எழுத்துகளுக்கு அருகில். அது காணப்படும் பொருள். கருவியின் முள் காட்டும் எண்ணைப் படிக்கும் விஞ்ஞானியின் கண்ணும், அந்த எண்ணைச் சிந்திக்கும் அவரது மனமும்கூடக் காணப்படுபவையே. 'அப்சர்வர்' என்ற சொல் எவ்வளவு உயரம் ஏறினாலும் மனத்தைத் தாண்டி ஏறாது. 'சாட்சி' என்ற சொல் தொடங்குவதே மனத்திற்கு அப்பால். இவ்விரண்டையும் ஒரே சொல்லாக்கியபோது காணப்படுவதைக் காண்பவனின் ஆசனத்தில் அமர்த்திவிட்டேன். வேதாந்தத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: அத்தியாசம். ஒன்றன்மேல் மற்றொன்றை ஏற்றிக் காணும் பிழை. கயிற்றில் பாம்பைக் கண்டவனைப் பற்றி எத்தனையோ முறை உபந்நியாசம் செய்தவன் நான். என் மேசைமேலேயே அது நிகழ்ந்தது எனக்குத் தெரியவில்லை.

இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்த இயற்பியல் மேதை ஒருவர் இருந்தார். அலைச் சமன்பாட்டை 1926-இல் தந்த எர்வின் ஷ்ரோடிங்கர், அதற்கு முந்தைய ஆண்டே வேதாந்தத்தைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர். 1944-இல் வெளிவந்த 'உயிர் என்பது என்ன?' என்ற நூலின் முடிவுரையில் ஆத்மா பிரம்மமே என்ற உபநிடதக் கொள்கையை மதிப்புடன் குறிப்பிட்டார். 'சமன்பாடும் என்னுடையது, வேதாந்தமும் எனக்கு உகந்தது. ஒன்று மற்றொன்றை நிரூபிக்கிறது' என்று சொல்ல அவரைவிட உரிமையுள்ளவர் யார்? அவர் அவ்வாறு சொல்லவில்லை. 1958-இல் வெளியான 'மனமும் பொருளும்' என்ற நூலில், இயற்பியல் அளவீட்டில் பேசப்படும் நோக்குபவரை உணர்வுடைய அறிபவனோடு குழப்பக் கூடாது; அறியும் மனம் பௌதிகப் பொருள் அல்ல, ஆகவே அது ஒரு பௌதிகப் பொருளோடு மோதி அதை மாற்றுவதும் இல்லை என்ற கருத்தை விளக்கினார். வியன்னாவில் பிறந்த விஞ்ஞானி காத்த விவேகத்தை, காவி உடுத்த நான் காக்கத் தவறினேன்.

விளக்கொளியில் ஒருவர் பாராயணம் செய்யலாம், மற்றொருவர் கள்ளக்கணக்கு எழுதலாம். விளக்கு இரண்டையும் காட்டுகிறது, இரண்டாலும் கறைபடுவதில்லை, இரண்டில் எதையும் திருத்துவதும் இல்லை. சாட்சி அத்தகையது. அது எதையும் மாற்றுவதில்லை. மாற்றாதிருப்பதே அதன் மகிமை. மாற்ற முயல்வது மனம். வென்றால் களிப்பதும் தோற்றால் குமைவதும் மனம்.

ஈதர் தந்த பாடம்

மூன்றாவது கேள்விக்கு வரலாறே விடை கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஒளி அலைகள் பரவுவதற்கு 'ஈதர்' என்ற நுண்பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது என்று இயற்பியலார் நம்பினர். நம் நூல்கள் கூறும் ஆகாசம் இதுதான் என்று அக்காலத்து அறிஞர் பலர் மகிழ்ந்தனர். 1896 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், பொருளும் சக்தியும் ஒன்றாக ஒடுங்கக்கூடியவை என்பதை நிகோலா டெஸ்லா கணித முறையில் காட்ட இயலும் என்று கருதுவதாகவும், அவ்வாறு காட்டினால் வேதாந்தத்தின் சிருஷ்டிக் கொள்கைக்கு உறுதியான அடித்தளம் கிடைக்கும் என்றும் குறிப்பிட்டார். டெஸ்லாவின் அந்த நிரூபணம் வெளிவரவில்லை. 1902-இல் சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். 1905-இல் ஐன்ஸ்டீன் என்ற இளைஞர், பொருளும் ஆற்றலும் ஒன்றே என்று வேறொரு வழியில் காட்டினார். அதே ஆண்டில் அவரது மற்றொரு கட்டுரை ஈதரைத் தேவையற்றதாக்கிவிட்டது!

எண்ணிப் பாருங்கள். ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் கையால், ஓர் ஒப்புமை வலுப்பெற்றது. இன்னோர் ஒப்புமை உதிர்ந்தது. வேதாந்தம் அதனால் வளரவும் இல்லை, தேயவும் இல்லை. சுவாமிஜியின் வாழ்வு டெஸ்லாவின் கணக்கிற்காகக் காத்திருக்கவில்லை. தம் குருவின் திருவடியில் பெற்ற அனுபவத்தின்மேல் நின்றது. விஞ்ஞானத்தோடு அவர் மனந்திறந்து உரையாடினார். அதுவே நமக்கு முன்மாதிரி. உரையாடுவது வேறு, ஊன்றுகோலாக்கிக்கொள்வது வேறு.

நம் மரபு இதை வெகு முன்பே வகுத்திருக்கிறது. ஒவ்வொரு பிரமாணத்திற்கும் அதற்குரிய எல்லை உண்டு. நிறத்தை அறியக் காது உதவாது. நெருப்பின் இயல்பு போன்ற, அனுபவத்தால் அறியத்தக்க விஷயங்களில், அனுபவத்திற்கு மாறாகச் சுருதியே சொன்னாலும் அங்கே அது பிரமாணம் ஆகாது என்று சங்கரர் தம் கீதை உரையில் துணிந்து கூறியிருக்கிறார். எவ்வளவு பெரிய நேர்மை அது! எலக்ட்ரானைப் பற்றி அறிய ஆய்வுக்கூடத்திற்குச் செல்வோம். 'நான் யார்?' என்று அறிய ஆய்வுக்கூடத்தின் சாவி பயன்படாது. ஏனெனில் அந்தச் சாவியைப் பிடித்திருக்கும் 'நான்' யார் என்பதே கேள்வி.

நாக்பூரில் ஒரு மாலை

அடுத்த மாத இதழில் இரண்டு வரித் திருத்தம் ஒன்று வெளியிட்டோம்: 'சாட்சி' என்று வரும் இடங்களில் 'அளவிடும் கருவி' என்று படிக்கவும் என்று. திருத்தங்களை யார் படிக்கிறார்கள்? சில மாதங்கள் கழித்து ஒரு முகாமிற்காக விதர்ப்பப் பகுதிக்குச் செல்ல நேர்ந்தபோது, பெரியவரைத் தேடிச் சென்றேன். வாசலில் வந்து வணங்கி, உள்ளே அழைத்து, மோர் கொடுத்தார். சுவரில் அம்மையாரின் படம், அதன் கீழே ஒரு சிறு அகல். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான் அமர்ந்திருந்தேன். அவரே தொடங்கினார்.

"சுவாமிஜி, இயற்பியலில் பார்ப்பது எது என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் அதைத்தான் பாடம் நடத்தினேன். உங்கள் சாட்சி எது என்று நீங்கள் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பது வேண்டாம். அவளை வைத்துச் சொல்லுங்கள்."

சற்று நேரம் கழித்து நான் கேட்டேன்: "ஐயா, தம் மனத்திற்குப் பலம் போதவில்லை என்று அம்மா சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பலம் போதவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வலி கூடியபோது கூடியது என்று தெரிந்தது. மனம் உறுதியாக இருந்த நாளில் உறுதி தெரிந்தது. உடைந்த நாளில் உடைந்தது தெரிந்தது. அந்தத் தெரிதல் என்றாவது உடைந்ததா?"

அவர் பதில் சொல்லவில்லை. நான் தொடர்ந்தேன்: "சாட்சி நோயைத் தீர்ப்பதில்லை ஐயா. தீர்க்காமல் போனதால் அது தோற்பதும் இல்லை. மருந்து உடம்பின் வேலை, முயற்சி மனத்தின் வேலை. அவற்றைச் செய்யத்தான் வேண்டும். அவை பலிக்காமல் போனால் அது அம்மாவின் குறை ஆகாது. பார்வையால் பொருளை மாற்ற வேண்டிய பாரத்தை வேதாந்தம் அவர்கள் தலையில் வைக்கவில்லை. நான் வைத்தேன். என் பிழையான ஒரு சொல் வைத்தது."

வெகுநேரம் அவர் அந்த அகலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியென்றால் அவள் எதிலும் தவறவில்லை" என்றார். கேள்வியாகக் கேட்டாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. "இல்லை ஐயா" என்றேன். புறப்படும்போது, "இதை விரிவாக எழுதுங்கள். இரண்டு வரி போதாது" என்றார். அவர் இன்று நம்மிடையே இல்லை. இந்த உரை, அவருக்கு அன்று நான் தந்த வாக்கு.

நம் சாதனைக்கு

அன்பர்களே, குவாண்டம் இயற்பியலைப் படியுங்கள். உங்கள் பிள்ளைகள் படித்தால் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈசுவரனின் படைப்பில் ஒரு துகளின் போக்குகூட நம் எளிய கணக்கிற்குள் அடங்காது என்ற வியப்பும் பணிவும் அதிலிருந்து கிடைக்கும். அது பெரிய பேறு. ஆனால் யாரேனும் 'குவாண்டம்' என்ற சொல்லைக் காட்டி, நினைப்பினால் நோய் போகும், செல்வம் வரும் என்று சொன்னால், விலகி நில்லுங்கள். அங்கே விஞ்ஞானமும் இல்லை, மெய்ஞ்ஞானமும் இல்லை. நோயுற்றவரிடம் அத்தகைய சொற்களைக் கொண்டு செல்லாதீர்கள். ஆறுதல் என்று எண்ணி நாம் தருவது அவருக்குப் பாரமாகக்கூடும்.

மாலையில் விளக்கேற்றியபின் பத்து நிமிடம் அமருங்கள். தெருவின் ஓசை கேட்கும், கேட்கட்டும். மூச்சு ஓடும், ஓடட்டும். எண்ணங்கள் வரும், அவற்றைத் துரத்தவும் வேண்டாம், அழைக்கவும் வேண்டாம். 'இன்று எனக்குத் தியானம் கூடவில்லை' என்ற எண்ணமும் வரும். அதுவும் தெரிகிறது அல்லவா? கூடியதும் கூடாததும் எந்த ஒளியில் தெரிகின்றனவோ, அங்கே சற்று இளைப்பாறுங்கள். அதை நாம் உண்டாக்கவில்லை. ஆகவே காப்பாற்றவும் வேண்டியதில்லை. மனம் வலுவாக இருக்கும் நாளில் மட்டும் கிடைப்பதாக இருந்தால் அது நமக்கு என்ன துணை? மனம் முற்றிலும் ஒடுங்கும் நாளிலும் அகலாதிருப்பதே துணை.

அத்துணை நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் தெளிவாக விளங்க, எல்லாவற்றையும் காண்பவனும் எதனாலும் தீண்டப்படாதவனுமான பரம்பொருள் அருள் புரிவானாக.